ஓலைதான் நம்ம காகிதம்

(திருச்செந்தூரில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கைத்தொழில் பற்றிப் பேசச் சொன்னாங்க. நம்ம குழுக்கள்ல பலரும் கேக்குறது, "நாம செய்யிற பெட்டியை யாரு மேடம் வாங்குவா?" என்பதுதான். பதில் சொல்லுறதுக்கு முன்னால ரெண்டு ஊர்க்கதை சொல்லிடுறேன்.

தாய்லாந்துல சியாங் மாய் நகரத்துக்குப் பக்கத்துல போ சாங்னு ஒரு கிராமம். காகிதக் குடைக்குப் பேர் போன ஊர். முசுக்கொட்டை இனத்துச் செடியின் பட்டையை வேகவச்சு, அடிச்சுக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்துல அள்ளிக் காயவச்சா காகிதம். அதை மூங்கில் கம்பிகள் மேல ஒட்டி எண்ணெய் பூசுறாங்க, மழையைத் தாங்கும். பர்மாவுக்குப் போன ஒரு புத்த பிட்சு அங்கே குடை செய்யிறதைப் பாத்துட்டு வந்து இதைச் சொல்லிக் கொடுத்தார்னு அந்த ஊர்ல சொல்றாங்க. ஒரு முழுக் குடையும் ஒரே வீட்டுல ஆகுறதில்ல. சுத்துப்பட்டு ஊர்கள் ஆளுக்கொரு பாகம் செய்யும். போ சாங்ல அதைச் சேர்த்து, பூ வரைஞ்சு விக்கிறாங்க.

அடுத்தது ஜப்பான். அங்கயும் அதே இனத்துச் செடியின் பட்டையிலதான் காகிதம் செய்யிறாங்க. 2009-இல் ஒரு பகுதியின் காகிதத்துக்கு மட்டும் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைச்சது. 2014-இல் இன்னும் ரெண்டு பகுதிகளையும் சேர்த்து மூணுக்குமா அந்தப் பெருமை கிடைச்சது. ஊர் ஊரா நிக்காம கூட்டமைப்பா நின்னா மதிப்பு கூடும்னு நமக்கும் தெரியும்தானே?

நம்ம நாட்டு ஜெய்ப்பூர் 2015-லும், சியாங் மாய் 2017-லும் யுனெஸ்கோவின் கைவினை நகரங்கள் வரிசையில சேர்ந்தன. அனுபவத்தைப் பகிர்ந்துக்கிற நகரங்களின் கூட்டு அது. ஜெய்ப்பூர் பக்கத்துச் சங்கானேர்ல கைக்காகிதம் பழைய தொழில். அங்கே இருக்கிற தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு, தஞ்சாவூர்ல பிறந்த ஜே.சி. குமரப்பா பேரைத்தான் வச்சிருக்காங்க.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. செடி ஒண்ணுதான், ஆனா ஜப்பான்காரர் ஜப்பான் காகிதம் செய்தார், தாய்லாந்துக்காரர் தன் ஊர்க் குடை செய்தார். வித்தையைக் கத்துக்கிட்டாங்க, ஊர் முத்திரையை விடல. நம்ம முத்திரை எது? பன்னீர் இலையில மடிச்ச விபூதியைப் பாத்தா, கேக்காமலே "திருச்செந்தூர் போயிட்டு வந்தீங்களா?" என்பாங்க. அதுதான் முத்திரை.

நமக்குப் பனை இருக்கு. நம்ம முன்னோருக்கு ஓலைதான் காகிதம். ஏடும் சாதகமும் அதுலதான் எழுதினாங்க. மணப்பாட்டு ஓலைப்பெட்டியைத் தெரியாதவங்க இந்தப் பக்கம் இல்ல. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைச்சது. பிளாஸ்டிக் பைக்கு 2019 சனவரி முதல் தமிழ்நாட்டுல தடை. கருப்பட்டியையும் பனங்கற்கண்டையும் ஓலைக் கொட்டானுல வச்சுக் கொடுத்தா, கொட்டானும் சேர்ந்து ஊர்ப் பேரைச் சொல்லும்.

ஆனா விலை போடும்போது ஏமாறுறோம். "ஓலை நம்ம மரத்துது, வேலை வீட்டுல சும்மா இருக்குறப்ப செய்யிறது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுக்குறோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு பெட்டிக்கு ஓலை, சாயம், நூல் 25 ரூபாய். பஸ் செலவு பங்கு 5 ரூபாய். ரெண்டு மணி நேர வேலை, மணிக்கு 40 ரூபாய்னு வச்சா 80 ரூபாய். ஆக 110 ரூபாய். அதை 60 ரூபாய்க்குக் கொடுத்தா, 50 ரூபாய் கூலியை வாங்குறவருக்கு இனாமாக் கொடுத்தோம்னு அர்த்தம். அந்த 50 ரூபாய் நம்ம பிள்ளையோட நோட்டுப் புத்தகம், குழுவுக்குக் கட்டுற சேமிப்பு.

அதனால அடுத்த குழுக் கூட்டத்துல மூணு விஷயம் பேசுங்க. ஒண்ணு, ஓலை கிழிக்கிறது, சாயம் ஏத்துறது, முடையிறது, விளிம்பு கட்டுறது – எந்தக் குழுவுக்கு எது நல்லா வரும்? ரெண்டு, ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க. மூணு, ஒரு குழு ஒரு விலை, இன்னொரு குழு அதைவிடக் குறைச்ச விலைன்னு நமக்குள்ளயே போட்டி வேண்டாம்.

மத்த ஊர்ப் பெண்கள் வந்தா முடையக் கத்துக் கொடுங்க. அவங்க வேலையைக் கேட்டுக் கத்துக்கோங்க. அந்த பிட்சு பாத்ததைத் தன்னோட வச்சுக்கல; அதனாலதான் ஒரு ஊரே பிழைக்குது.