சாளரத்தின் முதல் அளவு



கணிப்பொறித் திரையில் ஒரு செயலியைத் திறந்தவுடன் விரியும் சட்டத்தைச் சாளரம் என்பர். காற்று வரும் வழி எனப் பொருள்படும் 'காலதர்' என்ற பழஞ்சொல்லும் தமிழில் உண்டு. 'விண்டோ' என்ற ஆங்கிலச் சொல்லும் 'காற்றின் கண்' எனப் பொருள்தரும் பழைய நார்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்ததே. இருவேறு நாட்டார்க்கும் முதலில் தோன்றியது காற்றுதான், காட்சியன்று!

இச்சாளரம் முதன்முதல் எவ்வளவு அகலத்தில், எவ்வளவு உயரத்தில் திறக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் நிரலை எழுதுபவர். 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணிப்பொறியின் திரை 512க்கு 342 புள்ளிகளே. திரை ஒன்றே என்றிருந்தபோது அளவை எண்ணால் குறித்துவிடுதல் எளிது. திரைகள் பலவான பின் அவ்வெண் ஒன்றில் பெரிதாகவும் மற்றொன்றில் சிறிதாகவும் பட்டது. மரபின் பிடியும் இதில் உண்டு. முனையச் சாளரங்கள் பல இன்றும் 80 பத்தி, 24 வரி என்ற அளவிலேயே திறக்கின்றன. அது 1978இல் வந்த விடி100 முனையத்தின் அளவு; அந்த 80ஓ, 1928இல் ஐபிஎம் வெளியிட்ட துளையட்டையின் பத்திக் கணக்கு.

ஜாவா மொழியில் 'பேக்' என்றொரு கட்டளை உண்டு. அது உள்ளிருக்கும் பொத்தான், எழுத்து ஆகியவற்றின் விருப்ப அளவைக் கேட்டறிந்து, அதற்கேற்பச் சாளரத்தை அமைக்கும். பொருளுக்கேற்ற பாவடிவம் போன்றது இது. எண்ணால் குறிப்பதோ, யாப்பை முதலில் வகுத்துவிட்டுச் சொல்லைத் திணிப்பது போன்றது.

தமிழுக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. ஆங்கிலச் சொல்லை அளந்து கட்டிய பொத்தானில் தமிழ்ச் சொல்லைப் பெய்தால் இறுதி வெட்டுண்ணும். 'சேமிக்காதே' என்ற சொல்லின் கடைப்பகுதி மறைந்தால் எஞ்சுவது 'சேமிக்க'! ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னே நிற்பதால் கடை வெட்டுண்டாலும் மறுப்பு நிலைக்கும். தமிழிலோ எதிர்மறை சொல்லின் கடைப்பகுதியில் நிற்கிறது. ஆகவே, வெட்டு பொருளையே புரட்டிவிடும். ஒருவர் எழுதிய கவிதை அழிவதும் நிலைப்பதும் அந்தச் சில புள்ளிகளில் அடங்கியிருக்கக் கூடும்.

உரைப்பெட்டியின் அகலத்தையும் காண்க. ஜாவாவில் பத்தி அளவிடப்படுவது உரோம எழுத்தான 'எம்' என்பதன் அகலத்தால். பெரும்பாலான எழுத்துருக்களில் நம் 'ணை' அதனினும் அகன்றது. எனவே, 40 பத்தி என்றால் 40 தமிழெழுத்து அடங்கும் என எண்ணுதல் பிழை. பெட்டி குறுகினால் குறளின் நாற்சீர் முதலடி உடைந்து, கடைச்சீர் கீழே தனித்து விழும். படிப்பவர் அதனைப் புதுக்கவிதை என மயங்கவும் இடமுண்டு.

உள்ளடக்கத்தை அளந்து திறத்தல், அதனினும் குறுகாதபடி சிற்றெல்லை வகுத்தல், திரையை மீறாதபடி பேரெல்லை காத்தல் ஆகிய மூன்றும் நிரலர் செய்யத்தக்கன. பயனர் கடைசியாக வைத்த அளவை நினைவிற்கொள்வதும் நன்றே. ஆனால் இரண்டாம் திரையைக் கழற்றிய மறுநாள் சாளரம் இல்லாத திரையில் சென்று திறவாதபடி, இருக்கும் திரையை முதலில் கேட்டறிதல் வேண்டும்.