கொள்ளைநோயும் கூலியும்

கொள்ளைநோய் வந்தால் ஒரு நாட்டின் பொருளியல் எவ்வாறு புரளும் என்பதற்கு இங்கிலாந்தின் வரலாறு போதிய சான்று தரும்.

1348-இல் அந்நாட்டின் தென்கரையில் இறங்கிய நோய், ஈராண்டிற்குள் மக்களில் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாமல் விழுங்கிற்று. (கருஞ்சாவு என்னும் பெயர் பிற்காலத்தார் இட்டது.) முதற்கண் வாங்குவாரின்றி ஆடுமாடுகளின் விலை சரிந்தது. அடுத்து, விளைந்த கதிர் அறுப்பாரின்றி வயலிலேயே உதிர்ந்தது. நிலம் குறையவில்லை, உழும் கைகளே அருகின. எஞ்சியோர் மிகுகூலி கேட்டனர். கேட்டதில் தவறென்ன? அரிய பண்டத்திற்கு விலையேற்றும் வணிகனை எவரும் பழிப்பதில்லையே!

மன்னன் மூன்றாம் எட்வர்டு 1349-இல் ஆணை பிறப்பித்தான்; 1351-இல் நாடாளுமன்றம் அதனைச் சட்டமாக்கி இறுக்கிற்று. நோய்க்கு முன், 1346-இல் இருந்த கூலிக்குமேல் கேட்பது குற்றம். தண்டம் கட்டியோர் பல்லாயிரவர். ஆயினும் ஆள் கிடையாமையால் நிலக்கிழாருள்ளேயே பலர் மறைவாக மிகுதி கொடுத்தனர் என்க.

கூலம் உடனே மலியவில்லை. கால்நூற்றாண்டு விலை உயர்ந்தே நின்றது. 1375-க்குப் பின்னர் அது வீழவே, கூலியாளின் உண்மை வருவாய் ஏறிற்று. அவ்வேளை பிரெஞ்சுப் போருக்கெனத் தலைவரி வந்தது. 1381-இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. எனினும், மண்ணொடு பிணித்த அடிமையுழவு அடுத்த நூற்றாண்டில் மெல்ல மறைந்தது. நிலக்கிழார் பலர் வயலைக் குத்தகைக்கு விட்டனர், சிலர் ஆள் குறைவாக வேண்டும் ஆடுவளர்ப்பிற்கு மாறினர்.