கேத்தே: ஒரு பெயரின் கதை
(வானொலி இலக்கிய உரையின் எழுத்து வடிவம்)



கொழும்பிலே ஜேர்மன் மொழி படிக்க விரும்புவோர் பலர் நாடிச் செல்லும் இடம் கேத்தே நிறுவகம். நான் மாணவனாக இருந்த காலத்தில் அந்தப் பெயரை முதன்முதலாக ஒரு பெயர்ப்பலகையிலே கண்டேன். எழுத்துக் கூட்டி 'கோயெத்' என்று வாசித்தேன். கூட வந்த நண்பன் 'கோத்' என்றான். இருவர் வாசித்ததும் பிழை. உதட்டைக் குவித்து வைத்துக்கொண்டு 'ஏ' என்று சொல்ல முயன்றால் என்ன ஒலி வருமோ அதுதான் அந்தப் பெயரின் முதலுயிர். அதற்கு நமது நெடுங்கணக்கில் எழுத்தில்லை. ஆகவே கோதே, கெதே, கேத்தே என்று பலவிதமாக எழுதிவருகிறோம். நான் இன்று கேத்தே என்றே சொல்லப் போகிறேன்.

'பௌஸ்ட்' நாடகத்தைத் தந்த அந்த மகாகவியின் நூல்களைப் பற்றிப் பேசியவர்கள் பலர். நான் பேச வந்தது அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி.

நம்மிடையே தகப்பனாரின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நிற்கும். பேரனிடம் அது மறைந்துவிடும். ஜேர்மானியரின் குடும்பப் பெயர் அப்படி மறைவதில்லை. மத்திய காலத்தில் பட்டினங்கள் பெருகி, ஒரே பெயருடையோர் பலர் ஓரிடத்தில் வாழ நேர்ந்தபோது, அடையாளத்துக்காக இரண்டாவது பெயர் ஒன்று தேவைப்பட்டது. மா அரைப்பவர் மியுல்லர் ஆனார். கொல்லர் சிமித் ஆனார். தையற்காரர் சினைடர் ஆனார். பின்னர் தொழில் மாறினாலும் பெயர் மாறாமல் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் ஆலையும் உலையும் இருந்தபடியால் இப்பெயர்கள் அங்கே மலிந்து கிடக்கின்றன.

நமது கவிஞரின் பூட்டனார், துரிங்கியா நாட்டில் ஆர்ட்டேர்ன் என்ற ஊரிலே குதிரைகளுக்கு லாடம் அடித்த கொல்லர். பாட்டனார் தையற்காரர். ஆனால் குடும்பத்தின் பெயர் சிமித்தும் அல்ல, சினைடரும் அல்ல. எங்கேனும் ஓரிடத்தில் மட்டுமே காணக்கூடிய கேத்தே என்ற அபூர்வமான பெயர் அது.

இதற்குப் பெயராய்வாளர் இரண்டு விளக்கம் தருவர். கடவுள் என்னும் பொருள்தரும் சொல்லோடு தொடங்கும் கொட்பிரீட் போன்ற பெயர்களின் குறுக்கம் என்பது ஒன்று. பழைய ஜேர்மன் மொழியில் ஞானத்தந்தையைக் குறித்த 'கேத்தெ' என்ற சொல்லின் வழிவந்தது என்பது மற்றது. ஞானத்தந்தை யார் என்பதை நமது கத்தோலிக்க அன்பர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஞானஸ்நானத்தின்போது, பெயர் சூட்டும் அந்த வேளையிலே, பிள்ளைக்காகப் பொறுப்பேற்று நிற்பவர். அவருக்கும் பிள்ளைக்கும் இரத்த உறவு இருக்கவேண்டும் என்பதில்லை. இந்த இரண்டாவது விளக்கத்தை நேயர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன்.

தையற்காரப் பாட்டனார் தொழில் நிமித்தம் பிரான்சின் லியோன் நகருக்குப் போனவர். 1685இல் பதினான்காம் லூயி மன்னன் புரட்டஸ்தாந்தரின் உரிமைகளைப் பறித்தபோது, லூதர் மதத்தவரான அவர் அங்கிருந்து புறப்பட்டு, பிராங்பேர்ட்டில் குடியேறினார். அங்கே ஊசியும் நூலும் கைகொடுத்தன. பின்னர் விடுதி ஒன்றின் சொந்தக்காரியான விதவையை மணந்து பெரும் செல்வரானார். அவருடைய மகன் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். பேரன் 1749இல் பிறந்தான். நகரபிதாவாக இருந்த தாய்வழிப் பாட்டனாரைப் பற்றி விரித்து எழுதிய பேரன், இந்தத் தையற்காரப் பாட்டனாரைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அந்தப் பேரன் இருபத்தொரு வயதில் ஸ்ராஸ்பேர்க் நகரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு சம்பவம் நிகழ்ந்தது. ஹேர்டர் என்ற அறிஞர் கண் நோய்க்குச் சிகிச்சை பெற அங்கே வந்து தங்கியிருந்தார். இளைஞரான கேத்தே அவரைக் குருவாகவே கொண்டார். ஒருநாள் ஹேர்டர் புத்தகம் இரவல் கேட்டு வேடிக்கையாகச் செய்யுள் நடையில் ஒரு சீட்டு அனுப்பினார். அதிலே, உன் பெயர் தெய்வங்களிடமிருந்து வந்ததா, கோத் இனத்தவரிடமிருந்து வந்ததா, அல்லது சேற்றிலிருந்து வந்ததா என்று கேலி செய்திருந்தார். ஜேர்மன் மொழியில் இம்மூன்று சொற்களும் கேத்தே என்ற பெயரோடு ஒலியால் நெருங்கியவை.

சிரித்துவிட்டு மறந்துபோகக்கூடிய பகிடிதான். ஆனால் கேத்தே மறக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், உலகப் புகழ் பெற்ற முதியவராகத் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது இதை நினைவுகூர்ந்தார். பெயர் என்பது பிறர் பிடித்து இழுத்து விளையாடத்தக்க மேலங்கி அன்று. அது தோலைப்போல உடலோடு வளர்ந்தது, சுரண்டினால் நோகும் என்ற கருத்தை அங்கே சொல்கிறார். தையற்காரரின் பேரனுக்கு அங்கியின் உவமை வந்தது தற்செயலோ, நானறியேன்!

1782இல் அவர் பிரபுப் பட்டம் பெற்று 'பொன் கேத்தே' ஆனார். ஆனால் அந்தப் பெயர் அவர் வீட்டிலிருந்த ஒருத்திக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. செயற்கைப் பூக்கள் செய்யும் வேலைக்குப் போய்ப் பிழைத்த கிறிஸ்தியானெ என்ற பெண் 1788 முதல் அவருடன் வாழ்ந்தாள், பிள்ளைகளைப் பெற்றாள். வைமார் நகரத்துச் சீமாட்டிகள் அவளை வாசற்படி ஏறவிடவில்லை. 1806இல் பிரெஞ்சுப் படையினர் நகரைச் சூறையாடியபோது அவளே முன்னின்று வீட்டைக் காத்தாள். சில நாட்களில், தேவாலயத்தின் ஓர் உள்ளறையிலே, கேத்தே அவளை மணம் முடித்தார். தத்துவஞானி சோப்பனோவரின் தாயார் மாத்திரம் அவளை வரவேற்றார். கேத்தே தன் பெயரையே கொடுக்கும்போது நாம் ஒரு கோப்பை தேநீர் கொடுக்கக் கூடாதா என்பது அந்த அம்மையாரின் நியாயம். ஒரு பெயருக்காக ஒருத்தி பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தாள் என்பதை எண்ணும்போது எனக்கு மகாகவியின் மேல் கோபமே வருகிறது.

பெயர் கிடைத்தவர்களும் சுகப்பட்டார்களா? மகன் ஔகுஸ்ட் தந்தைக்கு முன்பே, 1830இல், தனது நாற்பதாவது வயதில் உரோமாபுரியில் இறந்தார். அவருடைய கல்லறையில் பொறித்திருக்கும் இலத்தீன் வாசகம், தந்தையை முந்திச் சென்ற கேத்தேயின் மகன் என்ற அளவிலே அவரை அறிமுகம் செய்கிறது. ஔகுஸ்ட் என்ற சொந்தப் பெயர் அந்தக் கல்லில் இல்லை!

ஔகுஸ்டின் பிள்ளைகள் மூவர். பேத்தி பதினாறு வயதில் மறைந்தாள். பேரன்மார் இருவரில் ஒருவர் இசை பயின்றார், மற்றவர் கவிதை எழுதினார். எது செய்தாலும் பாட்டனாரோடு ஒப்பிடும் உலகத்தின் முன் இருவரும் ஒடுங்கியே வாழ்ந்தனர். இருவரும் மணம் செய்யவில்லை. இளையவர் 1883இலும் மூத்தவரான வால்டர் 1885இலும் காலமாயினர். கவிஞரின் வம்சம் அத்தோடு அற்றுப்போனது.

வால்டர் தமது மரணசாசனத்தில் வீட்டை நாட்டுக்கும், பாட்டனாரின் கையெழுத்துப் பிரதிகளை அந்நாட்டுக் கோமகளுக்கும் எழுதிவைத்தார். அடைபட்டிருந்த கதவுகள் திறந்தன. பிறகு நடந்தது நாம் அறிந்ததே. ஜேர்மன் நகரங்களில் கேத்தே வீதிகள் பெருகின. பிராங்பேர்ட் பல்கலைக்கழகம் 1932இல் அந்தப் பெயரை ஏற்றது. போரினாலும் நாசிகளின் கொடுமையினாலும் தன் பெயரே கெட்டுப்போயிருந்த ஒரு தேசம், 1951இல் தனது மொழியை உலகுக்குக் கற்பிக்க ஒரு நிறுவகம் தொடங்கியபோது, இந்தப் பெயரையே இரவல் வாங்கியது.

இரவல் வாங்கிய பெயர் மட்டும் ஒருவரைத் தூய்மையாக்கிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். வைமாருக்கு அருகே, கேத்தே உலாவிய அதே மலையிலே, 1937இல் புகென்வால்ட் வதைமுகாம் எழுந்தது. காட்டை வெட்டியபோது ஓர் ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். கைதிகள் அதைக் கேத்தேயின் மரம் என்று அழைத்தார்கள். 1944இல் குண்டுவீச்சில் அது எரிந்தது. கேத்தேயின் பெயர் வழங்கிய அந்த நிழலிலே மனிதர்கள் சித்திரவதைப்பட்டார்கள். பெயர் அதைத் தடுக்கவில்லை.

நேயர்களே, ஞானத்தந்தை என்ற விளக்கத்தை மனதில் வைத்திருக்கச் சொன்னேன். கேத்தே என்ற பெயரை இரத்த உரிமையால் பெற்ற மகனும் பேரன்மாரும் அதன் பாரத்தினால் நசுங்கினார்கள். இரத்த உறவே இல்லாத அந்நியர்களிடம் அது தழைத்தது. கொழும்பிலே அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நுழைந்து, உதட்டைக் குவித்து, அந்த ஒலியைச் சொல்லப் பழகும் நமது பிள்ளைகளுக்கு அவர் பாட்டனார் அல்லர். ஆனால் மொழி ஒன்றின் வாசலிலே அவர்களுக்காக நிற்கும் ஞானத்தந்தை என்று சொன்னால் அது மிகையாகாது.