கங்காணி: ஒரு சொல்லும் பல துறைகளும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் தொடங்கிய துறைக்குத் தமிழ்த்துறை என்று பெயரில்லை. இந்திய ஆய்வியல் துறை என்பதே பெயர். மொழியும் வரலாறும் சமுதாயமும் ஒருங்கே பயில அப்பெயரில் இடமுண்டு.

‘கங்காணி’ என்னும் சொல்லைக் கருதுவோம். ‘கண்காணி’ என்பதன் திரிபு என்று கூறி, மொழியியலார் நாம் அமர்ந்துவிடலாம். ஆனால், ஊருக்குச் சென்று உறவினரையே தோட்டத்திற்கு அழைத்துவந்தவரும், முன்பணம் தந்து கடனில் பிணித்தவரும், நிரையில் நிறுத்தி வேலை வாங்கியவரும் அச்சொல்லுக்குள் ஒருவராகவே நிற்கின்றனர். அக்கடனைப் பொருளியலார் விளக்க வேண்டும். 1938இல் இந்திய அரசு இவ்வாள்சேர்ப்பைத் தடைசெய்ததை வரலாற்றறிஞர் விளக்க வேண்டும். அவர்களுள் பலர் தமிழ் படிப்பதில்லை. நாமோ தோட்டக் கணக்கேடுகளைப் புரட்டுவதில்லை. தேநீர் வேளையில் மட்டும் தவறாது சந்திக்கிறோம்!

கங்காணியின்கீழ் உழைத்தோருள் சிலரே இன்று எஞ்சியுள்ளனர். அவர்களிடம் கேட்கச் செல்கையில், முத்துறையினரும் ஒன்றாகவே செல்லுமாறு வேண்டுகிறோம்.