உருகினால் என்ன?

நடுவர் அவர்களே! கையில் உளியும் நெஞ்சில் கல்லுமாக எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களே! (சிரிப்பு)  

"கலை பெருமை பெறுவது கல்லில் நிற்பதாலா, நெஞ்சில் நிற்பதாலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் கல்லணை, திருவரங்கத்து ராஜகோபுரம் என்று அடுக்கினார்கள். கடைசியில், "நிக்குது, அதனால பேசுறோம். நிக்காததைப் பத்தி எவன் பேசுவான்?" என்று ஒரு போடு போட்டார்கள். நான் பேசுறேன் அம்மா. ஒரு திருவிழாவை நேரில் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே வடிக்கிற சிற்பம் ஒன்றுகூடச் சித்திரை மாசத்தைப் பார்க்காது.

நான் மருங்காபுரிக்காரன். எங்க பக்கம் பனின்னா மார்கழி விடியலில் தலையில் துண்டு கட்டுகிற அளவுதான். ஐஸ் என்றால் மணி அடித்துக்கொண்டு சைக்கிளில் வருகிற பெட்டி. காசு கொடுத்து வாங்கின குச்சி ஐஸில் பாதி வாய்க்குப் போகும். பாதி முழங்கை வழியா ஒழுகிப்போகும். அப்படிப்பட்டவனை 2025 பிப்ரவரியில் கனடாவின் தலைநகர் ஒட்டாவாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தை மாத விழாவில் பேசப் போனவன் நான். என்னிடம் படித்த மாணவர் ஒருவர், துவரங்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை, அங்கே குடியிருக்கிறார். "ஐயா, வந்தது வந்தீங்க, விண்டர்லூட் பார்க்காமப் போகக் கூடாது" என்றார். 1979-லிருந்து குளிர்காலத்தில் நடக்கிற பனித் திருவிழா அது.

வெளியே கிளம்பும்போது மைனஸ் 22. எனக்கு உடை மாட்டிவிட்டார்கள் பாருங்கள், சட்டை மேலே சட்டை, அதுக்கு மேலே கம்பளி, அதுக்கு மேலே கோட்டு. வெங்காயம் மாதிரி ஆகிவிட்டேன். உரித்தால் நடுவிலே நான் இருப்பேனா என்பதே சந்தேகம்! (சிரிப்பு) வாசலைத் தாண்டி ஒரு மூச்சு இழுத்தேன். மூக்குக்குள்ளே முடி விறைத்துக்கொண்டு குத்துகிறது. படம் எடுக்கலாம் என்று கைபேசியை எடுத்தால், பாதிக்கு மேல் சார்ஜ் இருந்த கைபேசி அணைந்துவிட்டது. குளிரில் பேட்டரிக்கே பேச்சு வரவில்லை. பேச்சாளனுக்கு எப்படி வரும்?

அந்த ஊர் நடுவே ரிடோ கால்வாய். கர்னல் ஜான் பை என்பவர் பொறுப்பில் வெட்டி 1832-இல் திறந்தது. குளிர்காலத்தில் ஊருக்குள் ஓடுகிற 7.8 கிலோமீட்டரும் உறைந்து சாலை ஆகிவிடும். காலில் சக்கரம் இல்லாத ஒரு கத்தியைக் கட்டிக்கொண்டு குழந்தை குட்டியோடு சறுக்கிப் போகிறார்கள். இடையில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கால்வாயை வெட்டும்போது ஏறக்குறைய ஆயிரம் பேர் இறந்துபோனார்கள். பலர் இறந்தது எதிலே தெரியுமா? மலேரியாவில்! பனி ஊரில் மலேரியா. கோடையில் சதுப்பு நிலத்தில் கொசு. கரையில் அவர்கள் அடுக்கிய கல் இன்றைக்கும் நிற்கிறது. அடுக்கிய கைகளின் பெயரைக் கேட்டால் யாருக்குத் தெரியும்? கல்லின் பெருமை பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஸ்பார்க்ஸ் தெரு என்று ஒன்று. அங்கேதான் பனிக்கட்டிச் சிற்பங்கள். நம்ம வீட்டு ஃப்ரிட்ஜில் ஐஸ் வைத்தால் நடுவில் வெள்ளையாக மங்கிப்போகும். நாலு பக்கமும் ஒரே நேரத்தில் உறைவதால் காற்று நடுவில் மாட்டிக்கொள்கிறது. சிற்பத்துக்கான கட்டியை அப்படிச் செய்வதில்லை. அடியிலிருந்து மேலே மேலே உறைய விடுகிறார்கள். மேல்தண்ணீரை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருப்பதால் காற்றுக்குமிழ் எல்லாம் வெளியே போய்விடும். ஒரு கட்டி ஏறக்குறைய 135 கிலோ, கண்ணாடி தோற்றுப்போகும். மரம் அறுக்கிற சங்கிலி ரம்பத்தால் பெரிதாக அறுத்து, உளியால் செதுக்கி, இரண்டு துண்டை ஒட்ட வேண்டுமானால் பசை கிடையாது, தண்ணீர்தான் பசை!

அங்கே செதுக்கிக்கொண்டிருந்த ஒரு சிற்பியிடம் மாணவர் மூலமாகக் கேட்டேன். "இவ்வளவு குளிர் உங்களுக்கு வசதிதானே?" அவர் தலையை ஆட்டிவிட்டார். ரொம்பக் குளிரில் ஐஸ் நொறுங்குமாம். ஒட்டத் தண்ணீர் ஊற்றினால் படீரென்று வெடிப்பு விடுமாம். சரி, வெயில் வந்தால்? அது அதைவிடப் பகை. துணி போட்டு மூட வேண்டும். ஆக, அதிகக் குளிரும் ஆகாது, வெயிலும் ஆகாது. மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிக்கிற மாதிரி. (கைதட்டல்) அத்தனை பாடும் சில நாள் காட்சிக்கு. அந்த மனிதர் ஒரு பறவையின் இறகை ஒவ்வொரு கீற்றாகக் கீறிக்கொண்டிருந்தார். யாரும் கவனிக்காத பின்பக்கத்து இறகு அது.

ஒட்டாவா மட்டும் இல்லை. சீனத்தில் ஹார்பின் என்ற நகரத்தில் 1963-இல் ஐஸ் விளக்குக் காட்சி தொடங்கினார்கள். இன்றைக்கு சொங்ஹுவா ஆற்றை அறுத்துக் கட்டியாக எடுத்து, கோபுரமும் கோட்டையுமாக ஒரு நகரமே எழுப்புகிறார்கள். இளவேனில் வந்தால் அத்தனையும் தண்ணீர்.

எதிரணித் தலைவர் சிரிக்கிறார். "தண்ணியாப் போனதுக்கு என்ன மரியாதை?" என்று அடுத்து வந்து கேட்பார். நான் அவரைச் சென்னைக்குக் கூட்டிப்போகிறேன். மெரினாவுக்கு எதிரே ஒரு கட்டிடம். 1842-இல் கட்டியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி, பாதி உலகம் சுற்றிக் கொண்டுவந்து அங்கே சேமித்து வைத்தார் டியூடர் என்ற வியாபாரி. 1897-இல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதும் அங்கேதான். இப்போது விவேகானந்தர் இல்லம். ஆனால் அந்தப் பேட்டைக்கு மக்கள் வைத்த பெயர் என்ன? ஐஸ் ஹவுஸ்! கட்டிடம் கல்லும் காரையுமாக நிற்கிறது. பெயர் யாருக்குப் போனது? உருகிப்போனதுக்கு! (பலத்த கைதட்டல்)

சரி, கல்லுக்கே வருவோம். அம்மையார் அரங்கத்தைச் சொன்னார்கள். ராஜகோபுரம் 236 அடி, உண்மை. அதைக் கட்டி முடித்தது 1987-இல்தானே? எத்தனையோ தலைமுறை மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துத்தானே கும்பிட்டது? உள்ளே பள்ளிகொண்ட பெருமாள் கல் இல்லை, சுதை. தண்ணீர் விட்டுத் திருமஞ்சனம் செய்ய முடியாது, தைலக்காப்புத்தான். ஒரு குடம் தண்ணீர் தாங்காத திருமேனி இத்தனை காலம் நிற்கிறது என்றால், தலைமுறை தலைமுறையாகப் பக்குவம் பார்த்த கை நிற்க வைத்தது.

எதிரணிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். 2022-23 குளிர்காலத்தில் ரிடோ கால்வாய் உறையவே இல்லை. அதாவது, ஆள் நடக்கக் குறைந்தது 30 சென்டிமீட்டர் நல்ல ஐஸ் வேண்டும், அது கட்டவில்லை. 1971-இல் தொடங்கிய பிறகு ஒரு நாள்கூடத் திறக்காமல் போன முதல் வருஷம் அது. உருகுவது அழகு என்று நான் இங்கே வசனம் பேசலாம். மறுபடி உறையும் என்ற நம்பிக்கை இருக்கிறவரைக்கும்தான் அந்த வசனம் செல்லும். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லும்போது முகம் மாறுகிறது, நம்ம ஊர்க் கண்மாய் நிரம்பாத வருஷத்துப் பேச்சு மாதிரி.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டு நிமிஷம் கொடுங்கள் நடுவர் அவர்களே.

திருவிழா பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது என் மாணவர் சொன்னார்: "ஐயா, அம்மா தவறி ஒரு வருஷம் ஆச்சு. பங்காளிக பாகம் பிரிச்சு வீட்டையும் இடிச்சாச்சு. இனி ஊருக்கு வந்தா எங்க இறங்குறதுன்னே தெரியல. ஒண்ணும் மிச்சமில்லையே ஐயா." அரை நூற்றாண்டு தமிழ் படித்த எனக்கு அப்போது பதில் வரவில்லை. கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

வீட்டு வாசலில் அவருடைய மகள், எட்டு வயசு, குந்தி உட்கார்ந்து பனி மேல் புள்ளி வைக்கிறாள். கோலம்! வெள்ளைப் பனியில் கோலமாவு தெரியாதே? மஞ்சள்தூளும் குங்குமமும். ஏழு புள்ளி, ஊடு புள்ளி, சிக்குக் கோலம். "யார் பாப்பா சொல்லிக் கொடுத்தது?" என்றேன். "அப்பத்தா, போன்ல" என்றாள். துவரங்குறிச்சிப் பக்கத்து அந்த வாசலில் அந்த அம்மா போட்ட அதே கோலம் என்று என் மாணவர் சொன்னார். கையுறையைக் கழற்றிவிட்டுப் போடுகிறாள். விரல் சிவந்து கிடக்கிறது. "உள்ளே வா"ன்னு அப்பன் கத்துறான். "இன்னும் ஒரு இழைதான் அப்பா" என்கிறாள்.

அன்று ராத்திரி பனி கொட்டிக் கோலத்தை மூடிவிட்டது. விடியற்காலை நான் எழுந்து வரும்போது அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மஞ்சள் டப்பா.