பால் மங்கும் பனிநாடும்



பால்மரத்து மங்கு நீங்கள் நாள்தோறும் கையாளும் பொருள். பால் வெட்டாத நாள்களில் அதில் மழைநீர் தேங்குகிறது. அந்நீர் ஒரு வாரமோ பத்து நாளோ அப்படியே நின்றால் போதும். ஏடிஸ் கொசு அதில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்து பறந்துவிடும்.

டிங்கியையும் சிக்குன்குனியாவையும் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுள் ஒன்று பெரும்பாலும் வீட்டுக்குள் வாழ்வது. 'ஏடிஸ் அல்போபிக்டஸ்' எனப்படும் மற்றொன்று காட்டோரத்தையும் தோட்டத்தையும் நாடுவது. காலையிலும் அந்திக்கு முன்னும் கடிப்பது. அது நம் ஆசியாவில் தோன்றிய இனம். அதன் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். பழைய டயர்களில் ஒட்டிய முட்டைகள் கப்பலேறிச் சென்றன. 1985இல் அமெரிக்காவின் டெக்சசிலும், 1990இல் இத்தாலியின் ஜெனோவாவிலும் அக்கொசு காணப்பட்டது. குளிர்நாட்டில் இக்கொசு பிழைக்காது என்று, ஆசிரியப் பணியில் இருந்தபோது நானே மாணவர்க்குக் கூறியதுண்டு, அது பிழை. குளிர்காலம் முழுவதும் முட்டைக்குள்ளேயே உறங்கிக் கிடந்து, வெயில் வந்ததும் வெளிப்படும் ஆற்றல் அதற்குண்டு.

2007இல் இத்தாலியின் ரவென்னா வட்டாரத்துச் சிற்றூர்களில் சுமார் 200 பேர் சிக்குன்குனியா கண்டு மூட்டுவலியால் முடங்கினர். கிருமியைக் கொண்டு சென்றவர் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பயணி. பரப்பியதோ முன்னரே அங்குக் குடியேறியிருந்த இக்கொசு. மறு ஆண்டே அந்நோய் நம் ஜொகூரில் பரவிப் பிற மாநிலங்களையும் எட்டியது.

டிங்கியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மகனுக்குக் காய்ச்சல் நான்காம் நாள் இறங்கியது கண்டு மகிழ்ந்து, மருத்துவரிடம் செல்வதை ஒத்திவைத்த ஒரு தாயை நான் அறிவேன். அன்று மாலையே சிறுவன் கைகால் சில்லிட்டுத் துவண்டான். மருத்துவமனையில் பிழைத்தான் என்பது நற்பேறு. காய்ச்சல் தணியும் அவ்வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உடல் நிலைகுலையக்கூடும். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திராதீர்கள். காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

மழை நாள்களில் பால் வெட்டு நின்றவுடன் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். வெட்டாமல் கைவிட்ட கிழட்டு மரங்களிலும் மங்குகள் தொங்கிக்கொண்டிருக்கும். பலரும் மறப்பது அவற்றைத்தான்.