நாத் தடுமாற்றமும் நகையும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வானொலியிலோ தொலைக்காட்சியிலோ பேசும் ஒருவர் நாத் தடுமாறுகின்றார், கேட்டார் நகைக்கின்றனர். அந்நகை தகுமா, தகாதா? இதுவே இன்று இவ்வவை முன் வைக்கப்பெறும் வினா. கேட்ட அளவிற் சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் மொழித் தூய்மை பேணுவார்க்கு இது பெரியதொரு வினா. பிறர் பேச்சிற் பிழை காணும் செவி அவர்க்குக் கூர்மையாக உண்டு. பிழை கண்டவிடத்து நகைக்கும் உரிமையும் தமக்கு உண்டென்று அவருட் பலர் கருதுகின்றனர்.

முதற்கண் நிகழ்ந்ததொன்றைக் காண்க. 2011ஆம் ஆண்டு பிப்பிரவரி 13ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டின் இலாசு ஏஞ்சலிசு நகரில், இசைக்கலைஞர்க்கு ஆண்டுதோறும் வழங்கப்பெறும் கிராமி விருது விழா நடந்து முடிந்தது. சி.பி.எசு. நிறுவனத்தின் அந்நகரத் தொலைக்காட்சிக்காகச் செரீன் பிரான்சன் என்னும் பெண் செய்தியாளர் விழா அரங்கின் வெளியே நின்று நேரலையிற் பேசத் தொடங்கினார். முதற் சொற்கள் சில செவ்வனே வந்தன. அடுத்து வந்தவை வெற்றொலிகள். சொற்போல ஒலித்தன, பொருள் இல்லை. சில நொடிகளில் நிலையத்தார் காட்சியை மாற்றிவிட்டனர்.

அச்சில நொடிக் காட்சி இணையத்தின் வழியே உலகெங்கும் பரவியது. நகைத்தோர் பலர். அவர் குடித்திருந்தார் என்றனர் சிலர். அவரைப் போலவே குழறிக்காட்டி மகிழ்ந்தனர் வேறு சிலர். நோயோ என்று அஞ்சியவர்களும் இருந்தனர்.

நடந்தது யாது? அன்றிரவு பேசுமுன்னரே தாளிலிருந்த எழுத்துகள் அவர் கண்ணுக்கு மங்கின. வாய் திறந்ததும் ஏதோ கெட்டுவிட்டதென்று உணர்ந்தார். சொல்லவேண்டிய கருத்து உள்ளத்தில் இருந்தது. அதற்குரிய சொல் வரவில்லை. கன்னம் மரத்தது, வலக்கை மரத்தது. இவற்றைப் பின்னர் அவரே எடுத்துரைத்தார். ஆய்ந்த மருத்துவர்கள், அஃது ஒற்றைத் தலைவலியின் முன்குறியாக வரும் பேச்சிழப்பு என்று கண்டனர். உலகம் நகைத்த அந்நொடிகளில் அப்பெண் அச்சத்தின் நடுவே நின்றிருந்தார்.

மூளையும் மொழியும் பிணைந்த வகையை அறிந்தார்க்கு இது வியப்பாகாது. 1861இல் பாரிசு நகர மருத்துவர் பால் புரோக்கா, ஓரசையன்றிப் பிறிதொன்றும் பேசமாட்டாத நோயாளி ஒருவர் இறந்தபின் அவர் மூளையை ஆய்ந்தார். இடப்பக்க முன்மூளையில் ஒரு பகுதி சிதைந்திருக்கக் கண்டார். பெரும்பாலோர்க்கு மொழியின் இருப்பிடம் மூளையின் இடப்பாதியே. அவ்விடப்பாதியே உடலின் வலப்பக்கத்தையும் ஆள்கின்றது. எனவேதான் சொல் குழறும்போது வலக்கை மரப்பதும் உடன் நிகழக்கூடும்.

அச்செய்தியாளர்க்கு வந்தது தானே தணிந்தது. எல்லார்க்கும் அவ்வாறு தணிவதில்லை. மக்கள் பக்கவாதம் என்று வழங்கும் மூளைக் குருதித்தடையும் இதே கோலத்தில் வரும். முகம் ஒருபுறம் கோணல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றுமே அதன் பெருங்குறிகள். குழாயில் அடைத்த குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நோய் தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும். முந்துந்தோறும் பயன் மிகுதி. உடன் இருப்பார் "குடித்துவிட்டு உளறுகின்றான்" என்று நகைத்து நின்றால், அந்நகை அவனுடைய சொல்லையும் கையையும், ஒரோவழி உயிரையுமே விலையாகக் கொள்ளும்.

இனி, அதே நகரில் அதே திங்களில் நடந்த மற்றொன்றையும் நோக்குக. பிப்பிரவரி 27ஆம் நாள் ஆசுகர் விருது விழா. அவ்வாண்டின் சிறந்த படமாகத் தேர்வு பெற்றது, இங்கிலாந்து மன்னர் ஆறாம் சியார்சின் திக்குவாயைப் பொருளாகக் கொண்ட திரைப்படம். 1925இல் வெம்பிளிப் பெருங்காட்சியின் நிறைவு விழாவிற் பேச எழுந்து, ஒலிபெருக்கியின் முன் சொல் வராது அவர் துன்புற்றார். மறு ஆண்டில் ஆத்திரேலியராகிய இலயனல் உலோகு என்பாரிடம் பேச்சுப் பயிற்சி மேற்கொண்டார். 1939 செப்டம்பர் 3ஆம் நாள், போர் தொடங்கிய செய்தியை வானொலியிற் பேசி முடித்தார். அப்படக்கதையை எழுதிய தேவிடு சைட்லர் தாமும் இளமையில் திக்கியவரே. மன்னரின் துணைவியார், அந்நினைவு இன்னும் வருத்துகின்றது, தம் வாழ்நாளில் அதனை எழுதவேண்டா என்று கேட்டுக்கொண்டதாகவும், அவர் 2002இல் மறையும்வரை தாம் பொறுத்திருந்ததாகவும் சைட்லர் கூறியுள்ளார். மன்னர் இறந்தது 1952இல். அதன்பின்னும் ஐம்பதாண்டு ஆறாத புண் அது! முடி சூடியவர்க்கே இந்நிலையென்றால், பள்ளியறையிற் பாடம் ஒப்புவிக்க எழுந்து நின்று திக்கும் ஏழைச் சிறுவனின் நிலை யாது?

திரையில் நடிகர் திக்கியதைக் கண்டு உருகியது உலகம். தெருவில் ஒரு பெண் உண்மையாகவே குழறியதைக் கண்டு நகைத்ததும் அவ்வுலகமே. கதை தெரிந்தவிடத்து இரக்கம் பிறந்தது. கதை தெரியாதவிடத்து நகை பிறந்தது. ஆகவே அறியாமையே அந்நகையின் வேர்.

அங்ஙனமாயின் எந்த நாத்தவற்றுக்கும் நகைத்தலே கூடாதோ? அவ்வாறு கூறுதல் மிகை. வானொலியின் இளமைக்காலத்தில், அமெரிக்கத் தலைவர் எர்பர்ட்டு ஊவர் பெயரை அறிவிக்கப் புகுந்த ஆரி வான் செல் என்பார், "ஊபர்ட்டு ஈவர்" என்று சொல்லிவிட்டார். நாடு நகைத்தது. அவர்க்கு ஒரு கேடும் வரவில்லை. பல பத்தாண்டுகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் புகழுடன் வாழ்ந்தார். எழுத்து இடம் மாறுவது மாந்த நாவின் இயல்பு. தசை சதையானதும், விசிறி சிவிறியானதும் இவ்வாறே. அத்தகைய திரிபுகள் சிலவற்றை இலக்கணப்போலி எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது தமிழ் இலக்கணம். நாவின் இடறலைப் பொறுத்தருளும் பண்பு இலக்கணத்துக்கே உண்டு. இலக்கணம் கற்றார்க்கு அஃது இல்லாதிருத்தல் அழகாகுமா?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் களங்களை நான்காக வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. மழலை கேட்டு மகிழ்ந்து நகைப்பது இளமை பற்றியது. எள்ளலும் நகைக்குக் களனே; அதனை ஆசிரியர் மறைக்கவில்லை. ஆனால் அடுத்து அழுகைக்குக் கூறிய நான்கு களங்களையும் உடன்வைத்துப் பார்த்தல் வேண்டும். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. இளிவாவது பிறரால் இகழப்பட்டு எளிமையுறுதல் என்றும், அசைவாவது முன்னை நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்றும் பேராசிரியர் உரை விளக்கும். சொல் இழந்து நின்ற பெண்ணின் நிலை அசைவு. உலகம் நகைத்தபின் அவர் எய்தியது இளிவு. இரண்டும் அழுகையின் பாற்பட்டவை. நகைப்பவனுக்கு எள்ளல் ஆவது எள்ளப்பட்டவர்க்கு இளிவு ஆகின்றது. ஒரே நிகழ்ச்சி ஒருவனிடத்து நகையாகவும் மற்றவரிடத்து அழுகையாகவும் நிற்கும் என்பதை இவ்விரு பகுப்புகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

துன்பம் வருங்கால் நகைக்கச் சொன்னார் வள்ளுவர் என்று எவரேனும் மறுத்துரைக்கலாம். யாருடைய துன்பத்துக்கு? தன் துன்பத்துக்கு. தடுமாறியவர் தாமே தம் தடுமாற்றத்தைக் கண்டு நகைப்பாராயின், உடன் நகைத்தல் தோழமையாகும். அவர் நகைக்குமுன் பிறர் நகைத்தல் தோழமையாகாது.

நகை தன்னையறியாது வருவது, அதனை அடக்குதல் யாங்ஙனம் என்பார் உளர். மெய்யே. வாய் தவறிப் பேசியவரைப் பொறுப்பதுபோல், வாய் தவறி நகைத்தவனையும் பொறுக்கலாம். ஆயின் அக்காட்சியைத் தேடியெடுத்து, மீண்டும் மீண்டும் ஓட்டி, நண்பர் பலர்க்கும் அனுப்புகின்றானே, அது தன்னையறியாது நிகழ்வதன்று. முதல் நகை வாயின் செயல். இரண்டாம் நகை நெஞ்சின் செயல். பழி இரண்டாவதற்கே.

நகைக்காவிடின் பிழை மலியும் என்னும் அச்சமும் சிலர்க்கு உண்டு. ழகரத்தைச் சிதைத்துச் செய்தி படிப்போர் உளர் என்பது உண்மை. அது பயிலாமையால் வரும் பிழை, திருத்தத்தக்கது. திருத்தும் வழி, பிழைபட்ட சொல்லையும் திருந்திய வடிவையும் குறித்து நிலையத்துக்கு மடல் எழுதுதல். நட்பு என்பது நகைத்துப் பொழுதுபோக்கற்கன்று, தவறுமிடத்து இடித்துரைத்தற்கே என்பது வள்ளுவர் கருத்து. எள்ளலுக்கு ஆளானவர் பேசவே அஞ்சுவார். தமிழில் வாய் திறக்கவே நாணுவார். பேச அஞ்சுவாரைப் பெருக்கி எம்மொழி வாழ்ந்தது?

ஆகவே செய்யத்தக்கது இது. ஒருவர் நாத் தடுமாறியதும், அஃது இடறலா, பயிலாமையா, திக்குவாயா, நோயா என்று உள்ளத்துட் கேட்டல் வேண்டும். இடறலாயின் மறந்துவிடுக. பயிலாமையாயின் திருத்துக. திக்குவாயாயின் அவர் சொல்லி முடிக்கும்வரை பொறுத்துக் கேட்க. சொல்லை அவர் வாயினின்று பறித்து முடிக்கவேண்டா. நோயாயின் மருத்துவரை அழைக்க. எதுவென்று தெளியாதவிடத்து நகையை நிறுத்திவைக்க. நகை பொறுக்கும், நோய் பொறுக்காது.

செரீன் பிரான்சன் தேறிச் சில நாளில் மீண்டும் திரையில் தோன்றினார். அவர் குழறிய ஒலிகளை நினைவிற் கொண்டோர் இன்றும் உளர். அவர் கை மரத்து நின்றதை நினைவிற் கொண்டோர் எத்துணைப் பேர்?